ஒரே அமர்வு

எனக்கு இசக்கியம்மாளைப் பிடிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் தென்பொதிகைப் பல்கலைக்கழகத்தின் உள் புகார்க் குழுவுக்கு நான் தலைவி, புகார் கொடுத்தவள் அவள். புகார் கொடுத்தவளைத் தலைவிக்குப் பிடித்தே ஆக வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. விதிப் புத்தகம் எனக்கு மனப்பாடம்.

பிடிக்காததற்குக் காரணம் பொறாமை. ஐம்பத்து மூன்று வயதில், தாவரவியல் துறையின் மூத்த பேராசிரியராக இருந்துகொண்டு, இருபத்தைந்து வயது ஆராய்ச்சி மாணவியைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். அவள் இளமைக்காகவோ அழகுக்காகவோ இல்லை. அவளுக்கு நடந்தது எனக்கும் நடந்திருக்கிறது. இதே வளாகத்தில், இருபத்தாறு வருடங்களுக்கு முன்னால். என்னை யாரும் நம்பவில்லை. அவளை நம்பப்போகிறார்கள் என்பது முதல் நாளே எனக்குத் தெரிந்துவிட்டது.

அவள் வந்த தோரணையே எனக்கு ஆகவில்லை. வாசலில் நான்கு தோழிகள் துணைக்கு நின்றார்கள். உள்ளே வந்தவள் நாற்காலியை இழுத்துப் போட்டு நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

“மேடம், ஃபேனக் கொஞ்சம் கூட்டி வைக்கலாமா?” என்றாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் மூக்கையா எழுந்து போய்க் கூட்டி வைத்தார். மூக்கையா அலுவலகக் கண்காணிப்பாளர், முப்பது வருடச் சர்வீஸ், குழுவில் பணியாளர் தரப்பு உறுப்பினர். ஃபேனோடு விடவில்லை.

“டீ சொல்லட்டுமாம்மா? கூட வட ஏதும்?”

“டீ மட்டும் போதும் சார்” என்றாள் இசக்கியம்மாள்.

என் விசாரணை நாளில் எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. பத்து நிமிடம் நிற்க வைத்துவிட்டுத்தான் உட்காரச் சொன்னார்கள். மதியம் மூன்று மணிக்கு நீ ஏன் அந்த அறைக்குப் போனாய், ஏன் கத்தவில்லை, ஐந்து வாரம் கழித்து ஏன் வருகிறாய் என்று மாற்றி மாற்றிக் கேட்டார்கள். புகாரை ஆறு நகலாகக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். துறையில் நகல் எடுக்க முடியாதே! பஸ் ஏறிப் போய், பெயர் தெரியாத ஒரு பிரவுசிங் சென்டரில் எடுத்தேன். நான்காவது நகல் வந்தபோது கடைக்காரர் படிக்க ஆரம்பித்துவிட்டார். ஆறாவது நகலைக் கொடுக்கும்போது என்னை மேலும் கீழும் பார்த்தார்.

இரண்டு மாதம் விசாரித்தார்கள். ‘இரு தரப்பினரிடையே ஏற்பட்ட தவறான புரிதல்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். என் நெறியாளர் பேராசிரியர் ஞானதுரை அதற்குப் பிறகு டீன் ஆனார். ஆட்சிக்குழுவான சிண்டிகேட்டில் இருந்தார். பட்டமளிப்பு விழாவுக்கு இன்றைக்கும் முன்வரிசை அழைப்பு போகிறது. நான் வேறு நெறியாளரைத் தேடி, தலைப்பை மாற்றி, மூன்று வருடம் பிந்தி முனைவர் ஆனேன். என் அம்மாவிடம் சொன்னபோது, “நீ சும்மா இருந்திருந்தா அவரு ஏன் வாராரு?” என்றாள். அதற்குப் பிறகு நான் யாரிடமும் சொன்னதில்லை.

இசக்கியம்மாளிடம் யாரும் கேள்வியே கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியம் போய்விட்டது. இப்போது தொப்பி வந்துவிட்டதே.

தொப்பியைப் பற்றித் தொழில்நுட்ப உதவியாளர் பிரிட்டோ அவளுக்கு விளக்கினான். தூத்துக்குடிக்காரன். நல்ல பையன்தான், ஆனால் இயந்திரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டான்.

“இதுக்குப் பேரு நினைவேந்தி. நாங்க தொப்பின்னுதான் சொல்லுவோம். நீங்க மாட்டிக்கிட்டு அந்த ஒரு மணி நேரத்த நெனச்சாப் போதும். மனசுல ஓடுறத மட்டுமில்ல, ஒடம்பு ஒளிச்சு வச்சிருக்கதையும் எடுத்துரும். அப்புறம் குழு உறுப்பினருங்க மாட்டுவாங்க. அவங்களுக்கே நடந்த மாதிரி ஞாபகம் வந்துரும்.”

“இல்லாதத நெனச்சா?” என்று கேட்டாள். துணிச்சலைப் பாருங்கள்.

“நெனைக்கலாம். ஒடம்புல இருக்காதுல்ல? தொப்பி கம்முனு கெடக்கும்.”

“எம்புட்டு நாளு அவங்க மண்டையில இருக்கும்?”

“ஏழு வருசம். கோப்பு அழிக்கதுக்கு என்ன விதியோ, அதே விதிதான்.”

“அப்ப நாங்கதான் கோப்புன்னு சொல்லுங்க” என்று மூக்கையா சிரித்தார்.

குழுவின் மூன்றாவது உறுப்பினர் ரஹ்மத் நிஷா. வெளி உறுப்பினர், மேலப்பாளையத்து வக்கீல். அவர் சிரிக்கவில்லை. “மாட்டின பிறகு நாங்க மூணு பேரும் தனித்தனியா எழுதி உறையில போடணும். சரிதானே? மூணும் பொருந்தலேன்னா?” என்றார்.

“தள்ளுபடி மேடம். கலப்புன்னு அர்த்தம்” என்றான் பிரிட்டோ.

“எதிர்த்தரப்பு தொப்பி மாட்டுனாரா?”

“மாட்ட மாட்டேன்னு எழுதிக் குடுத்துட்டாரு. அது அவரு உரிமை.”

எதிர்த்தரப்பு, இயற்பியல் துறை இணைப் பேராசிரியர் முனைவர் சிவசைலம். அவளுடைய நெறியாளர். நெறியாளர் கையெழுத்துப் போடாமல் ஆராய்ச்சி மாணவிக்கு ஒரு தாளும் நகராது. தொப்பி வந்தும் அதில் மட்டும் ஒரு மாற்றமும் இல்லை.

பிரிட்டோ எங்கள் மூவரிடமும் ஓர் உறுதிமொழிப் படிவத்தை நீட்டினான். ஒரே ஒரு கேள்வி: இத்தகைய சம்பவம் உறுப்பினருக்கு முன்னர் நேர்ந்துள்ளதா, பல்கலைக்கழகப் பதிவேட்டின்படி விடையளிக்கவும்.

“இது எதுக்கு?” என்றேன், தெரியாதவள் போல.

“ஏற்கெனவே பட்டவங்க மாட்டக் கூடாது மேடம். ரெண்டு வீட்டுத் துணிய ஒரே வாளில ஊறப் போட்ட மாதிரி ஆயிரும். சாயம் ஏறிருச்சின்னா எது யாருதுன்னு கண்டுபிடிக்க முடியாது.”

பதிவேட்டின்படி எனக்கு ஒன்றும் நேரவில்லை. ஒன்றும் நேரவில்லை என்று இந்தப் பல்கலைக்கழகமே முத்திரை குத்திக் கொடுத்திருக்கிறது. அதை மறுக்க நான் யார்? பேனாவை அழுத்தி ‘இல்லை’ என்று எழுதினேன். தாள் கிழியாதது ஆச்சரியம். அந்த நேரத்தில் எனக்கு ஒரு குரூரமான சந்தோஷம் இருந்தது என்பதையும் மறைக்கப்போவதில்லை.

அடுத்து நான் செய்ததுதான் பெரிய தவறு. விதிப்படி, முதலில் அவளுடைய நினைவைப் பதிவு செய்துகொண்டு, பிறகு நாளுக்கு ஒருவராக நாங்கள் மாட்ட வேண்டும். மூன்று நாள் வேலை.

“மூணு நாளா?” என்றேன். “விதியில ‘குழுவின் முன்னிலையில்’னு போட்டிருக்கா இல்லையா?”

“போட்டிருக்கு மேடம், ஆனா…”

“குழுன்னா என்ன? மூணு பேரு சேர்ந்து உக்காந்தாத்தான் குழு. ஒருத்தர் தனியா மாட்டுனா அங்க கோரம்னு சொல்ற குறைஞ்சபட்ச ஆள்கணக்கே இல்லையே! நாளைக்கே அந்த ஆளு கோர்ட்டுக்குப் போயி, கோரம் இல்லாம விசாரிச்சாங்கன்னு ரத்து பண்ணிட்டு வந்துருவாரு. நாலு தொப்பியையும் ஒண்ணா இணைங்க. ஒரே அமர்வு.”

இருபது வருடமாகக் கமிட்டி கமிட்டியாக உட்கார்ந்து எழுந்தவளுக்கு இப்படித்தான் மூளை வேலை செய்யும். மூக்கையா தலையாட்டினார், அவருக்கும் கோரம்தான் முக்கியம். ரஹ்மத் நிஷா கடிகாரத்தைப் பார்த்தார், பிற்பகல் அவருக்குக் கோர்ட் இருந்தது. பிரிட்டோ மட்டும் பாவம் போல நின்றான். தலைவி சொன்னால் அவன் என்ன செய்வான்?

கோரம் என்று சொன்னேனே தவிர உண்மை அதுவல்ல. அவளுக்காக மூன்று நாள், ஒவ்வொருவராக, கண்ணை மூடி உட்கார்ந்து பாடுபட வேண்டுமா என்ற எரிச்சல்தான். எனக்காக மூன்று பேர் மூன்று நிமிடம் நிமிர்ந்து பார்க்கவில்லை.

நால்வரும் மாட்டிக்கொண்டோம். தொப்பி உச்சந்தலையில் லேசாகக் குறுகுறுத்தது. பிறகு நான் அந்த அறையில் இருந்தேன்.

இயற்பியல் துறைக் கருவிகள் அறை. ஏ.சி. குளிர். ஜன்னல் கிடையாது. என் கையில் மூன்றாவது அத்தியாயத்தின் அச்சுப் பிரதி, நாற்பத்தெட்டுப் பக்கம், பின் போடவில்லை. சிவசைலம் கதவைச் சாத்தினார். ஆறு மாத அறிக்கை மேசையில்தான் இருக்கிறது, கையெழுத்துப் போட எவ்வளவு நேரமாகும் என்றார். உங்க ஊர்லருந்து ஒருத்தி இம்புட்டுத் தூரம் வந்ததே பெருசு, அனுசரிச்சுப் போகத் தெரிய வேண்டாமா என்றார். கை என் தோளில் இருந்தது, பிறகு தோளில் இல்லை. எனக்குத் தாள்களைக் கீழே போட மனமில்லை. பக்கம் கலைந்துவிடுமே என்று நினைத்தேன். உயிர் போகிற நேரத்தில் பக்க எண்ணைப் பற்றி நினைத்தேன். பிறகு முழங்கையால் அவர் நெஞ்சில் ஓங்கி ஒரு தள்ளு தள்ளிவிட்டு, கதவைத் திறந்து, தாள்களோடு வெளியே நடந்தேன்.

இசக்கியம்மாள் நடந்தாள் என்று சொல்ல வேண்டும். அவள் போய்விட்டாள். அந்த இடத்தில் எனக்குள் பொறாமை கொதித்தது. தள்ளிவிட்டுப் போய்விட்டாளே! நான் அன்றைக்குத் தள்ளவில்லை. நான் நின்றுகொண்டிருந்தேன்.

நினைத்த அந்த நொடியே ஏ.சி. நின்றது. மின்வெட்டுக் காலத்து மதியம். முதுகெல்லாம் வியர்வை. ஜன்னலில் பச்சைத் திரை, காற்றே இல்லாமல் தொங்கிக்கொண்டிருந்தது. தரையில் பினாயில் வாடை. ஞானதுரை என்னைச் ‘செல்வி’ என்று கூப்பிட்டார். ஜெபசெல்வி என்ற பெயரை அப்படிச் சுருக்கிக் கூப்பிட்டவர் அவர் ஒருவர்தான். கரண்ட் வரும்வரை நான் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிரிட்டோ தொப்பியைக் கழற்றியபோது எல்லோருக்கும் முகம் வெளிறியிருந்தது. விதிப்படி பேசக் கூடாது. தனித்தனி அறையில் உட்கார்ந்து எழுதி, உறையில் போட்டு ஒட்டி, என் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினோம். இசக்கியம்மாள் அழுத கண்ணோடு தோழிகளிடம் போனாள். அவர்கள் அவளைச் சூழ்ந்துகொண்டு கூட்டிப்போனார்கள்.

நான் என்ன எழுதினேன் தெரியுமா? பச்சைத் திரையையும் எழுதினேன். மின்வெட்டையும், அறையைவிட்டுப் போகாமல் நின்றதையும் எழுதினேன். அது என்னுடையது, அவளுடையது அல்ல என்று எனக்கு நன்றாகத் தெரியும். அந்த வரிகளைக் கோடு போட்டு அடித்திருக்கலாம். அடிக்கவில்லை. மற்ற இரண்டு உறையிலும் ஏ.சி. அறை இருக்கும், என் உறையில் மட்டும் பச்சைத் திரை இருக்கும், பொருந்தாது, தள்ளுபடி. அவளுக்கும் ஒரே வரியில் தீர்ப்பு வரட்டும். அப்புறம் தெரியும், ஃபேனைக் கூட்டச் சொல்வாளா என்று.

ஒரு நாள் முழுக்க அப்படித்தான் ஆசைப்பட்டேன். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன், துணி மடித்தேன், தேர்வுத் தாள் திருத்தினேன். மனசாட்சி உறுத்தியது என்று சொன்னால் பொய்.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு உறைகளைப் பிரிக்க வேண்டும். ரஹ்மத் நிஷா பதினொன்றரைக்குத்தான் வருவதாகச் சொல்லியிருந்தார். மூக்கையா எதிரே உட்கார்ந்திருந்தார். பிரிட்டோ சாட்சியாக நின்றான். முதலில் மூக்கையாவின் உறையைப் பிரித்தேன்.

அலுவலகத் தமிழில், கோடு போட்ட தாளில், வரிசை எண் இட்டு எழுதியிருந்தார். ‘1. மேற்படி அறையில் குளிர்சாதன வசதி இருந்தது. 2. மேற்படி நபர் கதவைச் சாத்தினார்.’ ஒன்பது வரை சரியாக இருந்தது. பத்தாவதில் இப்படி இருந்தது: ‘10. மேற்படி அறையில் மின்சாரம் இல்லை. ஜன்னலில் பச்சை நிறத் திரைச்சீலை ஒன்று காணப்பட்டது. நான் நகரவில்லை. என்னால் நகர இயலவில்லை.’

நிஷாவின் உறையைப் பிரித்தேன். வக்கீல் கையெழுத்து, ஒரே பத்தி. அதிலும் திரை. அதிலும் பினாயில். கடைசி வரி: ‘இரண்டாவது அறையில் நான் யார்?’

நான்கு தொப்பிகளையும் ஒன்றாக இணைக்கச் சொன்னது நான். ஒரு வாளித் தண்ணீரில் என் துணியும் கிடந்திருக்கிறது. சாயம் எல்லோர் மேலும் ஏறியிருக்கிறது.

“மேடம்” என்றார் மூக்கையா. குரல் அவருடையது மாதிரியே இல்லை. “அவரு ‘செல்வி’ன்னு கூப்புட்டாரு.”

நான் என் உறையையும் பிரித்து அவர் முன்னால் விரித்து வைத்தேன்.

“அந்தக் கமிட்டி ரிப்போட்ட அன்னைக்கு டைப் அடிச்சது நான்தான் மேடம். அப்ப நான் ஜூனியர். ‘தவறான புரிதல்’னு நான்தான் அடிச்சேன். அடிச்சிட்டு, மதியம் கேன்டீன்ல ஒக்காந்து சொல்லிச் சொல்லிச் சிரிச்சோம், பாத்துக்கிடுங்க. அந்தப் புள்ளைக்கு மார்க்குப் பத்தல போலன்னு நான் சொன்னேன்.” மூக்கையா துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். ஐம்பத்தெட்டு வயது மனிதர், பேரன் பேத்தி எடுத்தவர், தோள் குலுங்க அழுதார். “நேத்து வீட்டுக்குப் போயி எம் பொண்டாட்டிட்டக்கூடப் பேசல. கால் நகர மாட்டேங்குது மேடம். இன்னும் அங்கதான் நிக்கேன்.”

நிஷா வந்தார். மேசையில் விரிந்து கிடந்த தாள்களையும் மூக்கையாவையும் பார்த்தார், புரிந்துகொண்டார். என் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். “ஏன் கத்தலன்னு கோர்ட்ல எத்தனை பேரைக் கேட்டிருக்கேன் தெரியுமா?” என்றார். கையை விடவில்லை.

இருபத்தாறு வருடம் கழித்து, ஒரே காலையில், இரண்டு பேர் என்னை நம்பினார்கள். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு சாட்சி கொண்டுவரவில்லை. அவர்கள் அங்கே இருந்திருக்கிறார்கள். அந்த நிமிடத்தில் இசக்கியம்மாள் மேல் பொறாமையே இல்லை. அவளை மறந்தே போனேன்.

பிரிட்டோதான் நினைவூட்டினான்.

“மேடம், திங்கக்கிழமை இந்த மூணு தாளும் எதிர்த்தரப்புக்குப் போவணும். அந்தப் பொண்ணு தள்ளிவிட்டுட்டு வெளிய போயிருக்கா. இதுல எல்லாரும் வெளிய போனேன், போகலன்னு ரெண்டையும் எழுதிருக்கீங்க. அறையில ஜன்னலே இல்ல, திரைன்னு இருக்கு. அவரு ஒரு வரி எழுதிக் குடுத்தாப் போதும்.”

“கலப்பு” என்றார் நிஷா.

“தள்ளுபடி. புகார் குடுத்தவங்களுக்கு ரெண்டு தடவை தொப்பி கெடையாது. ஒரே ஒரு வழி இருக்கு. அந்நியப் பகுதி நீக்கம்னு விதி ஆறுல இருக்கு. மூக்கையா சாருக்கும் இவங்களுக்கும் நேத்து வந்தது மொத்தத்தையும் எடுத்துட்டு, நேத்து அவ தொப்பியில தனியாப் பதிவான அந்தப் பொண்ணோடத மட்டும் தனித்தனியாக் குடுக்கலாம். உங்களோடது கலந்த விசயமே அவங்களுக்கு ஞாபகம் இருக்காது. நீங்க குழுவ விட்டு விலகணும். இன்னின்ன பகுதி என்னோடதுன்னு நீங்க எழுதிக் கையெழுத்துப் போட்டாத்தான் எடுக்க முடியும்.”

மூக்கையா துண்டை வாயிலிருந்து எடுத்தார். “போடாதீங்க மேடம். எனக்கு இருக்கட்டும். நான் சிரிச்சதுக்கு இது இருக்கட்டும்.”

நான் மிகவும் நல்லவள் என்று நீங்கள் நினைக்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன், உடனே கையெழுத்துப் போடவில்லை. மதியம் இரண்டு மணிவரை அந்தப் படிவத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கிடைக்காமல் கிடைத்தது. இரண்டே பேர். அதையும் அவளுக்காக நான் விட்டுக்கொடுக்க வேண்டுமா? அவளுக்குத் தோழிகள் இருக்கிறார்கள், டீ இருக்கிறது, தொப்பி இருக்கிறது, முழங்கையும் இருக்கிறது. எனக்கு என்ன இருக்கிறது? மூக்கையாவின் பத்தாவது வரி.

கடைசியில் கையெழுத்துப் போட வைத்ததும் என் பெருந்தன்மை அல்ல. என்னுடையதைப் போய் அவளுடைய கோப்பில் ஒட்டவிட்டு, அதை வைத்து சிவசைலம் தப்பித்துப் போவதா? என் பச்சைத் திரைக்குப் பின்னால் ஓர் ஆண் ஒளிந்துகொள்வதா? அதை நினைத்தபோது உடம்பே எரிந்தது. எழுதினேன். எட்டு வரி. நடந்தது இன்னது, ஆண்டு இன்னது, செய்தவர் பெயர் பேராசிரியர் ஞானதுரை. பதிவேட்டில் ‘இல்லை’ என்று இருந்தபோதிலும் எனக்கு நேர்ந்தது உண்மை. கையெழுத்துப் போட்டேன். அந்த எட்டு வரியும் நீக்கம் முடிந்ததும் விதிப்படி அழிக்கப்படும்.

வெள்ளிக்கிழமை எடுத்துவிட்டார்கள். சனிக்கிழமை காலை வராந்தாவில் மூக்கையா எதிரே வந்தார். நன்றாகத் தூங்கியெழுந்த முகம்.

“என்ன மேடம், குழுவ விட்டுட்டீயளாமே? ஒடம்புக்கு ஏதும் சரியில்லையா?”

“கொஞ்சம் வேலை அதிகம்” என்றேன்.

“நல்லதாப் போச்சு போங்க. இந்தத் தலவலி உங்களுக்கு எதுக்கு?” என்று சிரித்துவிட்டுப் போனார். அவர் நடையில் ஒரு தடங்கலும் இல்லை. நிஷாவிடமிருந்து வாட்ஸப்பில் ஒரு செய்தி வந்தது. புதிய தலைவியின் கைபேசி எண் கேட்டிருந்தார்.

அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது, நம்பப்படாமல் இருப்பதைவிட மோசமானது ஒன்று உண்டு என்று. அறையைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். அப்போதும் கண்ணீர் வரவில்லை. எனக்கு அதற்காகக் கண்ணீர் வந்ததே இல்லை.

வணிகவியல் துறையிலிருந்து புதிய தலைவி வந்தார். தனித்தனியாக மாட்டினார்கள். மூன்று உறையும் வரிக்கு வரி பொருந்தின. ஒன்பதே நாள். சிவசைலத்தைப் பணிநீக்கம் செய்யப் பரிந்துரைத்தார்கள், சிண்டிகேட்டும் ஏற்றுக்கொண்டது. இசக்கியம்மாளுக்குப் புதிய நெறியாளர், அதே தலைப்பு, ஒரு நாள்கூட இழப்பில்லை. நான் மூன்று வருடம் இழந்தேன் என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு காலையில் அவள் என் அறைக் கதவைத் தட்டினாள்.

“வரலாமா மேடம்?”

இனிப்பு கொண்டுவந்திருப்பாள் என்று நினைத்தேன். கையில் ஒன்றும் இல்லை. இந்த முறை நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

“மேடம், எனக்கு ஒண்ணு கேக்கணும். அன்னைக்கி எல்லாரும் சேர்ந்து தொப்பி மாட்டினோம்லா. அதுக்கப்புறம் எனக்கு ரெண்டு இருக்கு. எனக்கு நடந்தது ஒண்ணு. இன்னொண்ணுல கரண்ட் இல்ல. என்னைய யாரோ செல்வின்னு கூப்புடுதாங்க.”

எங்கள் மூன்று பேரைப் பற்றித்தான் யோசித்தோம். நான்காவது தொப்பி அவள் தலையில் இருந்தது.

“பிரிட்டோ சார்ட்ட போயிக் கேட்டேன். புகார் குடுத்தவங்க மண்டையில கை வைக்க விதி கெடையாதாம். எடுக்க முடியாதுன்னுட்டாரு. உங்க பேர வெளிய போர்டுல பாத்தேன் மேடம். ஜெபசெல்வி.” நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். “அது உங்களுக்கு நடந்ததா?”

தலையை ஆட்டினேன்.

“எனக்கு நடந்ததுக்குக்கூட நான் இம்புட்டு அழல மேடம். உங்களோடதுக்குத்தான் மூணு நாளு அழுதேன். சோறு எறங்கல. என்னன்னு கேட்டு அம்மா விடல. சொல்லிட்டேன். எனக்கு இல்ல, ஒரு டீச்சருக்கு நடந்ததுன்னு சொன்னேன். அம்மா உடனே நம்பிட்டா.”

விசாரணை விவரத்தை வெளியாளிடம் சொல்லக் கூடாது என்று விதி இருக்கிறது. பன்னிரண்டாவது விதி. கண்டித்திருக்க வேண்டும். எனக்கு அந்த விதி ஞாபகமே வரவில்லை. என் அம்மாவிடம் நான் என் வாயால் சொன்னபோது நம்பவில்லை. அதே கதையை இவள் இவளுடைய அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள், நம்பிவிட்டாள். என் கதையைக்கூட இவள் சொன்னால்தான் நம்புகிறார்கள். எனக்கு வராத அழுகையைக்கூட இவளே அழுது முடித்திருக்கிறாள். எனக்கு மறுபடியும் பொறாமை வந்தது.

“அம்மா உங்களப் பாக்கணும்னு வந்திருக்கா மேடம். வெளிய நிக்கா. கூப்புடட்டா?”

நான் சரி என்று சொன்னேனா என்று ஞாபகம் இல்லை. அவள் அம்மா உள்ளே வந்தாள். கடையத்தில் பீடி சுற்றுகிறவள். என் வயதுதான் இருக்கும். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“எத்தன வருசமாச்சு டீச்சர்?”

“இருபத்தாறு.”

“அவன் இருக்கானா, போய்ச் சேந்துட்டானா?”

“இருக்காரு. ரிட்டையராகி வீட்டுலதான் இருக்காரு.”

“வீடு எங்க?”

“டவுன் பஸ்ஸுல போனா அரை மணி நேரம்.”

அவள் மகள் பக்கம் திரும்பினாள். “ஏட்டி, எந்திரி. போவோம்.”

“எங்கம்மா போறோம்?” என்றாள் இசக்கியம்மாள்.

“இம்புட்டு நேரம் எந்த வீட்டக் கேட்டுக்கிட்டு நிக்கேன்? நேராப் போயி வாசல்ல நின்னு, இந்த டீச்சருக்கு நீ செஞ்சது எங்களுக்குத் தெரியும்லேன்னு சொல்லிட்டு வருவோம். தெருவுல நாலு வீட்டுக்குக் கேக்கட்டும்.”

“அம்மா, இதுக்கெல்லாம் ஒரு முறை இருக்கு” என்றேன். இருபது வருடக் கமிட்டி வாய் அது, தானாகப் பேசியது.

“முறையத்தான் நீங்க பாத்தாச்சுல்லா டீச்சர்” என்றாள்.

சொல்லிவிட்டு வெளியே போய்ச் செருப்பை மாட்ட ஆரம்பித்தாள். இசக்கியம்மாள் என்னைப் பார்த்தாள், பிறகு எழுந்து அவள் அம்மாவின் பின்னால் போனாள். இப்படி ஓர் அம்மா இவளுக்கு! அன்றுவரை அவள் மேல் எனக்கு வந்த பொறாமையெல்லாம் சேர்ந்தாலும் அந்த நிமிடத்தில் வந்ததற்கு ஈடாகாது. மேசைமேல் கிடந்த கைப்பையை எடுத்தேன். அறையைப் பூட்டிவிட்டு, அவர்களோடு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன்.